துணி எங்கே?

கண்ணில் அறுவை முடிந்ததும் சில வாரங்களுக்குக் கம்ப்யூட்டர் திரைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவள் காய்கறிக்காரனிடம் பேசுவது போலப் பேரம் பேசினாள்.

"எழுத்தைப் பெருசா வெச்சுக்கிட்டு, கொஞ்ச நேரம் மட்டும் பார்த்தா?"

"எழுத்து பெருசாகலாம். கண்ணு அதேதானேம்மா."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவர் பஸ் டிரைவர். தன் மனைவிக்குக் கண்ணைவிட 'மிச்சம்' பற்றித்தான் கவலை என்பது அவருக்குத் தெரியும்.

மிச்சம் அவள் எழுதிய சாஃப்ட்வேர். அவளுடைய அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். மேசையில் துணியை விரித்து, கை, கழுத்து, முதுகு என்று அட்டைகளை அடுக்கி வெட்டினால், ஓரத்துத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகும். அட்டைகளை எப்படி நெருக்கி வைத்தால் துணி மிஞ்சும் என்று கணக்குப் போட அவள் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று இணையத்தில் இலவசமாகப் போட்டும் வைத்தாள். பையும் கூடாரமும் தைக்கிறவர்கள்கூட, முகம் தெரியாத ஊர்களிலிருந்து வந்து எடுத்துக்கொண்டார்கள். திருத்தங்களும் அனுப்பினார்கள்.

அங்கேதான் அவளுடைய சுயரூபம் வெளிப்பட்டது. யார் என்ன திருத்தம் அனுப்பினாலும் ஒரே கேள்வி கேட்பாள்: "துணி எங்கே?" திரையில் அழகாக இருந்தால் போதாது. நிஜத் துணியில் வெட்டி, இணைத்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். படம் வராத திருத்தம் வாசலிலேயே திரும்பும். இதற்காக அவளுக்கு அங்கே 'மாமியார்' என்று பெயர். காது குளிரத்தான் கேட்டுக்கொண்டாள். அவளுடைய சொந்தத் திருத்தங்களுக்கு மட்டும் யாரும் துணி கேட்டதில்லை. பெற்றவளிடம் யார் கேட்பது?

இப்போது திருத்தங்களைச் சேர்க்கும் சாவியை யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். வேறொரு நாட்டில் பை தைக்கும் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண், பெயரோடு ஆந்தைப் படம் வைத்திருப்பதால் எல்லோருக்கும் ஆந்தை, மாமியாரிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவள். அப்படியும் விட்டுப் போகாமல் அதிக நாள் தங்கியவளும் அவள்தான். அவளுக்கே போன் செய்தாள்.

"வாங்கிக்கறேன்க்கா. ஆனா ஒண்ணு. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு இருக்கக் கூடாது. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கட்டும்."

"அதுக்கென்ன, வெச்சுக்கோ," என்றாள் இவள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய அவசரத்தில், அந்தச் சட்டம் தன்மீதும் பாயும் என்று யோசிக்கவேயில்லை.

அறுவைக்குப் பின், விழித்திரை ஒட்டிக்கொள்வதற்காக, குப்புறப் படுத்தே கிடக்க வேண்டியிருந்தது. கணவர் ஷிப்ட் முடிந்து வந்து, மிச்சத்தில் வந்த செய்திகளைப் பஸ் நிறுத்தங்களை அறிவிப்பது போலப் படித்துக் காட்டுவார். மற்ற நேரமெல்லாம் தலையணைதான் உலகம். அப்படித் தலைகுப்புறக் கிடந்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை உதித்தது: அட்டைகளையும் இப்படித் திருப்பிப் போட்டால் என்ன? ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. குறுகிய பக்கமும் அகன்ற பக்கமும் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். துணி இன்னும் மிஞ்சும்.

டாக்டர் திரையைப் பார்க்க அனுமதித்த அன்றே எழுதி முடித்தாள். அக்காவிடமும் பெருமையடித்தாயிற்று. அக்காவுக்கு அப்போதுதான் ஒரு நாடகக் குழுவின் அங்கிகள் தைக்கும் ஆர்டர் வந்திருந்தது. முதல் வெல்வெட் ஆர்டர், விலை உயர்ந்த துணி. தங்கையின் புதுக் கணக்கை நம்பி அளவாக வாங்கி, மேசையில் அடுக்கடுக்காக விரித்து வைத்துக் காத்திருந்தாள். பட்டறையின் கம்ப்யூட்டர் ஊருக்கெல்லாம் வெளியாகும் பதிப்பைத்தான் எடுக்கும். அதுவும் தங்கை வைத்த சட்டம்.

அவள் தன் திருத்தத்தைச் சேர்க்கப் போனாள். கதவு திறக்கவில்லை. வேறொருவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சேரும் என்றது. சற்று நேரத்தில் ஆந்தையின் பதில் வந்தது. இரண்டே சொற்கள்.

"துணி எங்கே?"

அவளுக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "நான் பெத்து வளர்த்ததுக்குள்ள போக நான் அவகிட்ட சீட்டு வாங்கணுமா?"

"டிரைவரே ஆனாலும் கதவு சாத்தினப்புறம்தான் வண்டி கிளம்பும்," என்றார் கணவர். அவள் முறைத்தாள். அவர் விடவில்லை: "கிளம்பு, அக்கா வீட்டுல துணிக்கா பஞ்சம்?"

பட்டறையில், அவள் கையோடு கொண்டுபோன மடிக்கணினி காட்டிய புதுக் கணக்கின்படி, வெல்வெட்டின் ஓரத்தில் ஒரே ஓர் அங்கிக்கு மட்டும் வெட்டினார்கள். முன்பக்கத்தின் இரண்டு பாதிகளையும் இணைத்து அக்கா தன்மேல் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.

ஒரே துணியில் வெட்டிய இரண்டு பாதிகள், ஒன்று கருஞ்சிவப்பு, மற்றது வெளுத்த சிவப்பு. அக்கா உள்ளங்கையால் தடவினாள். ஒரு பாதியில் கை வழுக்கிக்கொண்டு போனது, மறு பாதியில் மயிர் எதிர்த்து நின்றது.

"வெல்வெட்டை ஒரே பக்கமாத்தான் வெட்டணும்," என்றாள் அக்கா மெதுவாக. "எனக்குத் தெரியாதா என்ன. நீ போட்டுக் கொடுத்தா கண்ணை மூடிக்கிட்டு வெட்டறதே பழக்கமாயிடுச்சு."

தங்கை, மேசையில் அடுக்கியிருந்த மொத்தத் துணியையும் பார்த்தாள். கதவு மட்டும் திறந்திருந்தால் இந்நேரம் அத்தனையும் ஒரே வெட்டில் போயிருக்கும். இங்கே மட்டுமா, தன்னை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற எல்லா மேசைகளிலும். பிறகு, அவளே எதிர்பாராமல், நெஞ்சு நிறைந்தது. அவள் வைத்த கேள்வி அவள் வீட்டு வாசலில் நின்று அவளையே மறித்திருக்கிறது. இனி அவள் கண் போனாலும் அந்தக் கேள்வி போகாது.

இரண்டு நிறப் பாதிகளையும் படம் எடுத்து அனுப்பி, கீழே எழுதினாள்: "துணி இதோ. திருத்தம் தவறு. திரும்ப எடுத்துக்கொள்கிறேன்."

அக்காவின் அங்கிகளைப் பழைய கணக்கிலேயே வெட்டினார்கள். ஓர் அங்கிக்குத் துணி போதாமல் மறுபடி வாங்க வேண்டியிருந்தது. ஒரே பக்கமாக வெட்டும் துணிகளைத் திருப்பாமல் விடும்படி அவள் நிரலை மாற்றி, வெல்வெட்டிலும் பருத்தியிலும் வெட்டிப் படத்தோடு அனுப்பினாள். எல்லோரையும் போல வரிசையில் காத்திருந்தாள். ஆந்தை ஒரு சின்னக் குறை சொல்லி அதையும் திருப்பி அனுப்பினாள்.

படித்துவிட்டு அவள் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்துக் கணவர் கேட்டார். "என்ன, மருமக மறுபடியும் உன் குடத்தை எடுத்துக் காட்டறாளா?"

"ஆமா," என்றாள் அவள், குறையைத் திருத்தத் தொடங்கியபடியே. "எங்க வீட்டுல இனிமே மண்குடமே கிடையாது. யார் உடைச்சாலும் பொன்குடம்தான்."