ஆஷ்ட்ரே இல்லாத ஞாயிற்றுக்கிழமை

நுஹாத் அக்கா தன் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூட உதட்டில் வைத்ததில்லை. ஆனாலும் அவளுடைய எக்ஸ்ரேவைத் தூக்கிப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்?" என்றுதான்.

"நான் குடிக்கிறதில்லை டாக்டர். எனக்கும் சேர்த்து மத்தவங்க குடிச்சிடுறாங்க."

மறுநாள் இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. மாவு மேசையைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை நின்றாள். நான் கையிலிருந்த சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மறைத்தேனே தவிர அணைக்கவில்லை.

பெய்ரூட்டிலிருந்து மலையைத் தாண்டினால் வரும் ஸஹ்லே ஊரில், பர்தவ்னி ஆற்றை ஒட்டி இருக்கிறது எங்கள் உணவகம். நான் பரிமாறுபவன், பெயர் தானியோஸ். நுஹாத் அக்கா ரொட்டி சுடுபவள். கவிழ்த்துப்போட்ட பெரிய இரும்புச் சட்டி போன்ற சாஜ் அடுப்பைச் சமையலறையில் வைக்காமல், சாப்பிட வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முதலாளி அபூ மில்ஹிம் கூடத்தின் மூலையிலேயே வைத்திருந்தார். பத்தொன்பது வருடங்களாக அவள் நின்றது அந்த மூலையில்தான். ஞாயிறு மதியம் அரக் என்கிற சோம்புச் சாராயமும் ஐம்பது வகைச் சிறுதட்டுகளுமாக மூன்று நான்கு மணி நேரம் உட்காருவார்கள். ஹூக்காக்கள் குமிழியிடும். கூடத்தின் அந்தக் கோடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இந்தக் கோடிக்குத் தெரியாது, அவ்வளவு புகை.

அவள் முதலாளியிடம் போய்க் கேட்டாள். "ஹூக்காவை மட்டுமாவது வெளியில ஆத்தோரம் வெச்சிடுங்க முதலாளி. எனக்கு மூச்சு விட முடியலை."

"உன் அடுப்பு புகையலையா?"

"அது கேஸ் அடுப்பு. அதுல புகை வந்துச்சுன்னா ரொட்டி கருகிப்போச்சுன்னு அர்த்தம். என் கையில கருகின ரொட்டியை என்னைக்காவது பாத்திருக்கீங்களா?"

அபூ மில்ஹிம் இன்னொரு சிகரெட்டைப் பற்றவைத்தார். கெட்டவர் இல்லை. அவள் தகப்பனார் இறந்தபோது சவப்பெட்டியைத் தோளில் சுமந்தவர். ஆனால் உணவகத்துக்குள் சிகரெட் பிடிக்காதே என்று ஒரு மனிதனிடம் சொல்வது, அவர் கணக்கில், வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம்.

அந்த வருடம் செப்டம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது. உணவகம், அலுவலகம், நாலு சுவரும் கூரையும் உள்ள எந்தப் பொது இடத்திலும் புகைக்கக் கூடாது. உணவகக்காரர்கள் கொதித்துப் போனார்கள். "யுத்தத்துல குண்டு விழுந்தப்பவே கடையை மூடாதவன் நான். ஒரு காகிதம் வந்து மூடச் சொல்லுதா?" என்று அபூ மில்ஹிம் கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். பெய்ரூட்டில் ஆர்ப்பாட்டம் என்று ஒரு பஸ் பிடித்து எங்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போனார். ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். 'எங்கள் பிழைப்பைக் கெடுக்காதே' என்று அதில் எழுதியிருந்தது. நுஹாத் அக்கா மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சதுக்கத்தில் டிவிக்காரர்கள் கேமராவைத் திருப்பியபோதுதான் பார்த்தேன். அட்டையைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தாள். உதட்டுச்சாயத்தால், பெரிய எழுத்தில், 'பத்தொன்பது வருடமாக உங்கள் புகையைக் குடிக்கிறேன். நானும் பிழைக்க வேண்டும்.'

சுற்றியிருந்தவர்கள் கூச்சல் போட்டார்கள். ஒருவன் அட்டையைப் பிடுங்க வந்தான். அவள் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து மாவு பிசைந்த கை. அவனால் அசைக்கக்கூட முடியவில்லை.

ஆர்ப்பாட்டம் முடிந்து ஊருக்குக் கிளம்பினோம். மலையுச்சிக் கணவாயில் பனிமூட்டமும் குளிருமாக இருந்த இடத்தில் அபூ மில்ஹிம் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இறங்கு."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். என் இருக்கையைக் கடக்கும்போது என்னைப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். பஸ் கிளம்பியது. என் ஆயுளில் நான் செய்த அசிங்கமான காரியங்களை எழுதச் சொன்னால் அதைத்தான் முதலில் எழுதுவேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் உள்ளே நுழைந்தபோது சாஜ் சூடேறிக்கொண்டிருந்தது. அவள் மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். உருளைக்கிழங்கு லாரி ஒன்று ஏற்றிக்கொண்டு வந்து விட்டதாம்.

அபூ மில்ஹிம் வாசலிலேயே நின்றுவிட்டார். "உன்னை யாரு வரச் சொன்னா?"

"பஸ்ஸை விட்டு இறங்குன்னீங்க, இறங்கிட்டேன். வேலையை விட்டு இறங்குன்னு நீங்க சொல்லவே இல்லையே?"

அவர் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்தார். அவளுடைய ரொட்டிக்காகவே பெய்ரூட்டிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள் இருந்தன. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சட்டத்துக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். நவம்பரில், ஆற்றுப் பக்கம் இருந்த கண்ணாடிச் சுவரில் மூன்று கதவுகளைக் கழற்றினார். "ஒரு பக்கம் திறந்தாச்சு. இனி இது கூடம் இல்லை, தோட்டம்!" சோதனைக்கு வந்த அதிகாரி தலையைச் சொறிந்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். ஸன்னீன் மலையில் பனி விழுந்திருந்தது. ஜனங்கள் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக உட்கார்ந்து, விரல் நடுங்க, வறட்டுப் பிடிவாதமாகப் புகைத்தார்கள். ஆற்றுக்காற்று அத்தனை புகையையும் வாரிக்கொண்டு வந்து சாஜ் இருந்த மூலையில் கொட்டியது.

மூன்றாவது ஞாயிறு, கூடம் நிறைந்திருந்த நேரத்தில், அவளுக்கு மூச்சு நின்றுபோனது போலாகிவிட்டது. முகம் நீலமாகிச் சுவரோடு சரிந்தாள். சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசல் காற்றில் உட்கார வைத்தோம். மருந்துக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி உறிஞ்சி அரை மணி நேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது.

"வீட்டுக்குப் போங்க அக்கா. நான் கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

"நான் ஏன்டா போகணும்? நானா புகை விட்டேன்?"

எழுந்தாள். மாவு பிசையும் பெரிய பாத்திரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். முதல் மேசையில் இருந்த ஆஷ்ட்ரேயை எடுத்துப் பாத்திரத்தில் போட்டாள். அடுத்த மேசை. அதற்கடுத்த மேசை. கண்ணாடி மேல் கண்ணாடி விழும் சத்தம் ஒன்றுதான் கேட்டது.

"அம்மா, இன்னும் முடிக்கலையே" என்றார் ஒருவர்.

"நான் முடிஞ்சிடுவேன் போலிருக்கே, அது பரவாயில்லையா?"

அபூ மில்ஹிம் கல்லாவிலிருந்து பாய்ந்து வந்தார். "டேய் தானியோஸ்! உள்ளே போய் வேற ஆஷ்ட்ரே கொண்டு வாடா!"

அந்த நேரத்தில் என் சட்டைப்பையில் ஒரு பாக்கெட் இருந்தது. நானும் புகைக்கிறவன். இன்றைக்கும் புகைக்கிறேன். ஆனால் கணவாயில் நான் திரும்பிக்கொண்ட ஜன்னல் என் கண்முன் வந்தது.

"மாட்டேன் முதலாளி."

"என்னது?"

"சாப்பாடு கொண்டுவரேன், அரக் கொண்டுவரேன். ஆஷ்ட்ரே வைக்க மாட்டேன்."

அவர் மற்ற பையன்களைப் பார்த்தார். பன்னிரண்டு பேர் நின்றோம். ஒருவனும் அசையவில்லை. பாத்திரம் கழுவும் ஹன்னே மட்டும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "தட்டுல சாம்பல் தட்டினா அந்தத் தட்டை நான் தொட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்!" என்று கத்தினாள்.

அபூ மில்ஹிம் தானே உள்ளே போனார். இரண்டு கையிலும் ஆஷ்ட்ரேக்களை அடுக்கிக்கொண்டு வந்து ஒவ்வொரு மேசையாக வைத்தார். அறுபத்தாறு வயது, கால்மூட்டு வலி. அவர் வைத்துவிட்டு நகர, பின்னாலேயே அவள் எடுத்துப் பாத்திரத்தில் போட்டாள். இரண்டு சுற்று இப்படியே போனது. மூன்றாவது சுற்றில் ஒரு மேசையிலிருந்து சிரிப்பு கிளம்பியது. ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு இருந்தவள், தன் புருஷன் வாயிலிருந்த சிகரெட்டைப் பிடுங்கித் தண்ணீர் டம்ளரில் போட்டாள். சிலர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். நிறைய பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். ரொட்டி வருமா என்று கேட்டார்கள்.

"கதவை மாட்டுங்க, ரொட்டி வரும்" என்றாள் நுஹாத் அக்கா.

அபூ மில்ஹிம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.  பிறகு என்னிடம், யாருக்கும் கேட்காதபடி, "கதவு பின்னாடி கொட்டகையில இருக்கு" என்றார்.

ஹூக்காக்கள் ஆற்றோரம் போயின. அங்கே கணப்பு அடுப்புகள் வைத்துக் கொடுத்தோம். அடுத்த வருடமே சட்டம் நாடு முழுக்கத் தளர்ந்துவிட்டது. கேட்பாரில்லை. பக்கத்து உணவகங்களில் புகை பழையபடி கூரையைத் தொட்டது. அபூ மில்ஹிமும் ஓரிரு முறை ஆழம் பார்த்தார். ஆஷ்ட்ரே கொண்டுபோக ஆள் கிடைக்கவில்லை. நுஹாத் அக்காவின் நுரையீரல் சரியாகவில்லை. இனி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்துக் குழாயை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு அவள் இன்னும் ரொட்டி சுடுகிறாள்.

போன ஈஸ்டருக்குப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். நாடாளுமன்றத்தில் இருக்கிறவர், இரண்டு மெய்க்காவலர்களோடு. சாப்பாடு முடிந்ததும் கட்டைவிரல் தடிமனில் ஒரு சுருட்டை எடுத்தார். நான் போய்ப் பணிவாகச் சொன்னேன். அவர் என்னைத் தாண்டி முதலாளியைப் பார்த்தார். அபூ மில்ஹிம் தோளைக் குலுக்கி மூலையைக் காட்டினார். "அவகிட்ட பேசிக்குங்க ஐயா. என்னால ஆகாது."

நுஹாத் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அந்த மேசைக்கு வந்தாள்.

"நான் யாருன்னு தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியாதுங்க" என்றாள். "ஆத்தோரம் பெஞ்சு கிடக்கு. வாங்க, அங்க உக்காந்து சொல்லுங்க, கேக்குறேன்."