மணப்பெண் எந்தப் பக்கம் உட்காருவாள்

அக்டோபர் பிறந்தால் என் கணவன் ரஸ்ஸல் ஒரே வசனத்தைச் சொல்லுவான். "இந்த வருஷம் காருக்கு எண்ணெய் மட்டும்தான் மாத்தப் போறேன், லோர்னா."

நவம்பரில் சாப்பாட்டு மேசைக்கடியில் சைலன்சர் படுத்திருக்கும். கார்புரேட்டர் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் துணி விரித்து உலர்ந்துகொண்டிருக்கும். அது அவனே பூட்டிய கார். பெட்டி பெட்டியாக உதிரிப் பாகங்கள் வாங்கி, நாலு வருஷம் கராஜிலேயே குடியிருந்து கட்டினான். இரண்டு பேர் உட்காரலாம். கதவு கிடையாது, கூரை கிடையாது. நீண்ட மூக்கும் தரையை உரசுகிற வயிறும் உண்டு. பெல்ப்பர் ஊரில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'குளியல் தொட்டி'. டெர்பிஷயர் மழையில் அதுவே நிரம்பிக்கொள்ளும் என்பதால் குளிர்காலம் முழுக்க முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு, கழற்றிப் பூட்டிக்கொண்டே இருப்பான். வேறு யாரையும் ஓட்ட விட்டதில்லை, என்னையும் சேர்த்து.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மிச்ச வான்கோழியைத் தின்றுகொண்டிருந்தபோது என் அக்கா மாக்சின் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். மாக்சின் பஸ் ஓட்டுகிறாள், இருபது வருஷத்துக்கு மேலாக. அந்தத் தொழில் வழக்கப்படி அவளுக்கு உலகத்தில் எல்லாரும் 'கண்ணு'தான்.

"கண்ணுங்களா, நானும் கீத்தும் ஈஸ்டருக்குக் கல்யாணம் பண்ணிக்கப் போறோம்" என்றாள். கீத் எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டு வருகிறவர். பக்கத்தில் தலைகுனிந்து சிவந்து போயிருந்தார். "சர்ச்சுக்கு நான் அந்தக் குளியல் தொட்டியிலதான் வருவேன்."

ரஸ்ஸல் வாயிலிருந்த முட்டைக்கோஸை மெல்ல மறந்தான். ஒன்பது வருஷமாக அந்தக் காரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியமா. ஆனா என் கால் விறைச்சுப் போச்சுன்னா கீத்கிட்ட என்ன பதில் சொல்லுவ?"

அவ்வளவுதான், அந்தக் குளிர்காலம் மணப்பெண்ணின் குளிர்காலம் ஆயிற்று. இடதுபக்க இருக்கையைக் கழற்றிவிட்டுத் தோல் தைத்த புது இருக்கை வைத்தான். மாக்சின் குள்ளம் என்பதால் அதை முன்னால் தள்ளி போல்ட் போட்டு முடுக்கினான். கால் மாட்டில் சூடான காற்று வர ஒரு குழாய். முன்னால் காற்றைத் தடுக்க உயரமான கண்ணாடி. சைலன்சர் காரின் இடது பக்கமாக வெளியிலேயே ஓடுகிறது. ஏறி இறங்கும்போது கவுன் பட்டுக் கருகிவிடக் கூடாதென்று ஓட்டை போட்ட தகட்டில் அதற்கு ஒரு மூடி செய்தான். கவுனுக்குப் பதிலாக என் வரவேற்பறைத் திரைச்சீலையை மாக்சின் இடுப்பில் ஊக்கு குத்தி, ஏறி இறங்கிப் பழக்கினான். எனக்குக் கல்யாணம் ஆனபோது இந்த அக்கறையில் பாதி இருந்ததாக ஞாபகமில்லை. அதைச் சொல்லியும் காட்டினேன். "நீ டாக்ஸியில வந்தே" என்றான், அது என் குற்றம் மாதிரி.

பிப்ரவரியில் புது பிரேக் மாட்டினான். பிரேக் குழாயில் சேர்ந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நட்டைத் திறந்து மூட வேண்டும். மிதிப்பது வழக்கமாக நான்தான். அன்று எனக்குக் காய்ச்சல், தேநீரோடு கராஜ் வாசலில் போர்வைக்குள் இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த மாக்சினை ரஸ்ஸல் ஓட்டுநர் பக்கம் ஏற்றிவிட்டான்.

"மிதி."

"மிதிச்சிட்டேன்."

"அப்படியே பிடி."

"பிடிச்சிருக்கேன். கீத்தைக்கூட இவ்வளவு நேரம் பிடிச்சதில்ல."

"விடு. மறுபடி மிதி."

நாலு சக்கரமும் முடிந்தது. ரஸ்ஸல் எண்ணெய்க் கையோடு எழுந்து, "ஆச்சு, இறங்கு" என்றான்.

மாக்சின் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரஸ்ஸல் கண்ணு, சைலன்சர் அந்தப் பக்கம்தானே?"

"ஆமா. அதுக்குத்தான் மூடி செஞ்சிருக்கேன்."

"அப்போ வெள்ளைக் கவுன் போட்டவ எந்தப் பக்கம் உட்காரணும்?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததில், காய்ச்சலோடு வந்தது வீண்போகவில்லை.

"இது பஸ் இல்ல, மாக்சின். இதுக்கு ஒரு பழக்கம் வேணும்."

"எழுபது பேரை ஏத்திக்கிட்டுப் பனியில மலை ஏறுறவ நான். இந்தத் தகர டப்பாவுக்குப் பழக்கம் வேணுமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன்.

மறுநாள், மாக்சின் ஓட்டலாமா என்று கேட்டு இன்சூரன்ஸுக்குப் போன் செய்தான், அவர்கள் மறுப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான். மறுமுனையில் இருந்த பெண், "இத்தனை வருஷம் விபத்தே இல்லாம பஸ் ஓட்டுறாங்களா? சார், உங்களைவிட அவங்களை நம்பலாம்" என்று சிரித்தாளாம். இதை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம். நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

மார்ச்சில் ஒரு காய்ந்த ஞாயிற்றுக்கிழமை. பெடல்களில் மரக்கட்டை கட்டி, முதுகுக்குத் தலையணை வைத்து, மாக்சின் ஓட்டினாள். ஆறடி ரஸ்ஸல் அவளுக்காக முன்தள்ளிய இருக்கையில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தான். தெருமுனை தாண்டுவதற்குள் "கியர்... கியர்..." என்று அவன் குரல் கேட்டது.

"இன்னொரு தடவை வாயத் திறந்தா அடுத்த நிறுத்தத்துல இறக்கி விட்டுடுவேன்!"

வர்க்ஸ்வொர்த் மேடு ஏறித் திரும்பி வந்தார்கள். மாக்சின் முடி குருவிக்கூடாகியிருந்தது. ரஸ்ஸல் நேராக உள்ளே போய்க் கெட்டிலில் தண்ணீர் வைத்தான். பயந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"என்ன ஆச்சு? மோசமா ஓட்டினாளா?"

"இல்ல." கோப்பைகளை எடுத்து வைத்தபடி சொன்னான். "நான் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்ல, லோர்னா. ஓட்டும்போது எது கழண்டு விழும்னுதான் கேட்டுக்கிட்டே இருப்பேன். இன்னிக்கு மேட்டுல அவ கியர் மாத்தினப்போ... என்ஜின் சத்தம் என்ன அழகா இருக்கு தெரியுமா?"

கிண்டல் செய்ய வாயெடுத்தேன். அதற்குப் பதில் பிஸ்கட் டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினேன்.

கல்யாணத்தன்று லேசான தூறல். மாக்சின் கவுனை முழங்கால் வரை சுருட்டி, முக்காட்டின்மேல் ரஸ்ஸல் கார் ஓட்டும்போது கண்ணுக்குப் போடும் காற்றுத் தடுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சர்ச் வாசலில் வந்து நின்றாள், பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்துவது போல, நடைபாதை விளிம்போடு விளிம்பாக. டிப்போவிலிருந்து வந்தவர்கள் விசிலடித்தார்கள். ஒரு பொட்டு அழுக்கில்லாமல் இறங்கினாள்.

பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கத் திண்டாடியவன் ரஸ்ஸல். முதல் நாள்தான் பளபளப்பாக்க வேண்டுமென்று சைலன்சர் மூடியைக் கழற்றியிருந்தான். அந்தப் பக்கம் உட்காரப்போவது தான்தானே, திரும்ப எதற்கு மாட்டுவது என்று விட்டுவிட்டான். மடங்கிக் கிடந்த காலை வெளியே போட்டு, சூடான சைலன்சர்மேலேயே சாய்ந்து எழுந்தான். கம்பளி கருகும் வாசனை எனக்குத்தான் முதலில் வந்தது. வாடகைக் கோட்டு சூட்டின் இடது கால் பின்புறம் கையகலத்துக்குப் பழுப்பாகிவிட்டது. நல்லவேளை, தோலுக்கு ஒன்றுமில்லை.

"யாரு கண்ணு வேக வைக்கிறது?" என்று மாக்சின் பூங்கொத்துக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

எல்லாப் புகைப்படத்திலும் அவன் என் பாவாடைக்குப் பின்னால் ஒரு காலை ஒளித்துக்கொண்டு நாரை மாதிரி நிற்கிறான்.

விருந்தில் மாக்சினிடம் தானே போய், தேனிலவுக்குக் காரை எடுத்துக்கொண்டு போ என்றான். நான் கேக்கை விழுங்க மறந்தேன். மாக்சின் உடனே கீத்தைப் பார்த்தாள். கீத் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கல்யாணம் முடிவானதிலிருந்து முதல் தடவையாக உறுதியாகப் பேசினார்.

"ரயில்ல டிக்கெட் போட்டாச்சு."