குறட்டைக் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு பழைய நகைச்சுவைக் கட்டுரையிலிருந்து வந்தது. எழுதியவன் நான்தான். ஏழு வருடங்களுக்கு முன், ஒரு வாரப் பத்திரிகையில், என் அக்காவின் கணவர் விடும் குறட்டையைப் பற்றி ஒன்றரைப் பக்கம். உறவினர்கள் கூடும் இடங்களில் அதை வாய்விட்டுப் படித்தார்கள். அத்தானும் சிரித்தார். (சிரித்தார் என்றுதான் அப்போது நினைத்தேன்.)

இப்போது முதல் வாக்கியத்துக்கு மூன்று முயற்சிகள்.

‘இதயம் என்பது ஒரு’ — வேண்டாம். எந்த உவமையைப் போட்டாலும் பொய்யாகிறது.

‘அத்தான் தினமும் தூக்கத்தில் செத்துச் செத்துப் பிழைத்தார்.’ உண்மைதான். ஆனால் மறுபடியும் சிரிப்பு வருகிறது.

‘அத்தான் லிஃப்ட் மெக்கானிக்.’ இது போதும்.

2

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் உச்சியிலுள்ள மெஷின் ரூம் வரை படியேறிப் போகிறவர். போன வருடம் ஒருநாள் மூன்றாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் வீங்கி, செருப்பு வார் தோலில் அச்சாகப் பதிந்திருந்தது. ரத்தத்தை இறைக்கும் பலம் இதயத்துக்குக் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். (ஹார்ட் ஃபெயிலியர் என்றால் இதயம் நின்றுபோவது என்று நினைத்திருந்தேன். இல்லையாம். அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தேவைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.) மாத்திரையில் வீக்கம் வடிந்தது. களைப்பு மட்டும் போகவில்லை. கையில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார்.

ஆறாவது மாதப் பரிசோதனைக்கு அத்தானையும் அக்காவையும் நான்தான் காரில் அழைத்துப் போனேன். நானும் உள்ளே உட்கார்ந்தேன்.

“குறட்டை விடுவீங்களா?” என்றார் டாக்டர்.

“ஊருக்கே தெரியும்,” என்றார் அத்தான், என்னைப் பார்க்காமல்.

டாக்டர் அக்காவிடம் திரும்பினார். “நடுவுல மூச்சு நிக்குதாம்மா? கவனிச்சிருக்கீங்களா?”

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். “தெரியல டாக்டர். நாங்க ஒரே ரூம்ல படுக்கறதில்ல. ஏழு வருஷமா.”

“ஏன்?”

“இவன் ஒரு கட்டுரை எழுதினான். எல்லாரும் சிரிச்சாங்க. ‘நீயாவது நிம்மதியா தூங்கு’ன்னு இவர் தலையணையை எடுத்துக்கிட்டுப் பின்னறைக்குப் போயிட்டார்.”

[இந்த இடத்தில் என் மனநிலையைச் சொல்லும் ஒரு பத்தி இருந்தது. என்னை நல்லவனாகக் காட்டியதால் எடுத்துவிட்டேன்.]

3

“அந்தக் கட்டுரையிலேயே இருக்கு டாக்டர்,” என்றாள் அக்கா. “மூச்சு நின்னது. சொல்லுடா.”

சொன்னேன். ‘திடீரென்று எஞ்சின் நிற்கும். பத்து வரை எண்ணலாம். பிறகு பெரிதாக ஒரு கனைப்பு. வண்டி மறுபடி கிளம்பும்.’

டாக்டர் சிரிக்கவில்லை. “நிஜமாவே எண்ணினீங்களா?”

“எண்ணினேன். முப்பது வந்தது.”

“பத்துன்னு எழுதியிருக்கீங்க?”

“முப்பதுன்னா யாரும் நம்பமாட்டாங்கன்னு குறைச்சேன்.”

அவர் கோப்பில் முப்பது என்று எழுதிக்கொண்டார். என் எழுத்தில் இதுவரை மற்றவர்கள் செய்த பிழைதிருத்தங்களில் இதுதான் மிகச் சிறியது. (இந்த வாக்கியமும் கொஞ்சம் மினுக்குகிறது. இருக்கட்டும்.)

4

ஓர் இரவு ஆஸ்பத்திரியில் உடம்பெல்லாம் ஒயரோடு அத்தானைத் தூங்கவைத்து மூச்சை அளந்தார்கள். மணிக்கு முப்பத்தெட்டு தடவை தொண்டை அடைபட்டு மூச்சு தடைப்பட்டிருக்கிறது. ஆக்சிஜன் இறங்கும்போதெல்லாம், ஏற்கெனவே தளர்ந்த இதயம் அடித்துப் பிடித்து ஓடியிருக்கிறது. காற்றை அழுத்திச் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் முகமூடி ஒன்றைக் கொடுத்தார்கள்.

“இதப் போட்டா மூச்சு சீராகும்,” என்றார் டாக்டர். “இதயத்துக்கு எவ்வளவு பலன் கிடைக்கும்னு இப்பவே சொல்லமுடியாது.”

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அதைக் கண்ணாடி முன் மாட்டிப் பார்த்துக் கழற்றினார். “யானைத் தும்பிக்கை மாதிரி இருக்கு. மாட்டமாட்டேன். இதையும் எழுதுவான்.”

நான் வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “எழுதட்டும். சிரிக்கறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். ஏழு வருஷமா உங்களுக்கு மூச்சு நின்னிருக்கு, பக்கத்துல நான் இல்ல. எனக்கு அதுதான் ஆறல.”

அத்தான் முகமூடியின் வாரைத் தளர்த்தி, அவளிடம் நீட்டினார். “பின்னாடி கொஞ்சம் மாட்டிவிடு.”

5

மூன்று வாரமாக மாட்டிக்கொள்கிறார். அக்காவும் இப்போது பின்னறையில்தான் தூங்குகிறாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவே.

இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் அத்தான் ஒரே மூச்சில் மெஷின் ரூம் வரை ஏறுகிறார். இன்னொன்றில் முகமூடி மேசைமேல், யாரும் — இரண்டும் வேண்டாம்.

இருவருக்கும் இதுவரை படித்துக் காட்டினேன். அத்தான் ஒரு வாக்கியத்தை அடிக்கச் சொன்னார். அடித்துவிட்டேன்; எதுவென்று சொல்வதற்கில்லை.

“ஹார்ட் ஸ்கேன் ரிசல்ட் வந்ததும் முடிவை எழுதறேன்,” என்றேன்.

“வேண்டாம்,” என்றாள் அக்கா. “நல்லா வந்தா உன்னாலதான்னு உனக்குத் தோணும். இல்லன்னா உக்காந்து அழுதுட்டு இன்னொரு கட்டுரை எழுதுவே. வர்றதுக்கு முன்னாடியே அனுப்பிடு.”

ஸ்கேன் வியாழக்கிழமை. இன்று செவ்வாய். முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் காட்டவேண்டாம்.