முப்பத்தாறாவது வடிகட்டி

எங்கள் அண்ணி என்னைவிட நான்கு வயது சின்னவர். அதனால் என்ன, அண்ணி அண்ணிதான். அவர் "டார்ச்" என்றால் நான் டார்ச்சை நீட்ட வேண்டும். "கொழுந்தனாரே" என்று இழுத்துக் கூப்பிட்டால் நான் ஏதோ சொதப்பியிருக்கிறேன் என்று அர்த்தம். அண்ணன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வீட்டில் குழாய் சொட்டினால்கூடப் பெண்டாட்டியைத்தான் கூப்பிடுவான். நானோ ஏழெட்டு முதலாளிகளோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவன். கோபம் எப்போதும் என் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். "வெளியில யாரும் இவரை வச்சுக்க மாட்டாங்க, நானே வச்சுக்கறேன்" என்று அண்ணிதான் என்னைத் தன் கம்பெனியில் சேர்த்துக்கொண்டார். கம்பெனி என்றால் அவர், நான், ஒரு பழைய வேன்.

பெரிய ஏரி ஒன்றின் கரையில் வரிசையாக நிற்கும் நான்கு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் ஹீட் பம்ப் வைத்தது அண்ணி. ஏரித் தண்ணீர் கீழ்த்தளம் வரை வந்து, கட்டடத்துக்குள் சுற்றும் தண்ணீருக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிட்டு ஏரிக்கே திரும்பிப் போகும். உள்ளே சுற்றும் தண்ணீர் ஒவ்வொரு வீட்டு மெஷினுக்கும் போகும். மெஷின் அதிலிருந்து சூட்டை எடுத்து அறைக்குள் ஊதும். வெயில் காலத்தில் எல்லாம் தலைகீழ், அறையின் சூடு தண்ணீருக்குப் போகும். "ஜில்லுனு கிடக்கற ஏரித் தண்ணியில ஏதும்மா சூடு?" என்று கேட்காத ஆளே இல்லை. அண்ணி சலிக்காமல் சொல்வார்: "உங்க வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கை வச்சுப் பாருங்க. வெதுவெதுன்னு இருக்கும். அந்தச் சூடு எங்கேருந்து வந்துச்சு? உள்ள இருக்கற கத்திரிக்காய்லேருந்து." கேட்டவர் நேரே போய் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கை வைப்பார். நானும் வைத்திருக்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் முதல் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு மட்டும் மக்கர் செய்தது. அங்கே இருப்பவர் கணக்கு டீச்சர். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்துகிறவர். தனி ஆள். மெஷின் பதினோரு நிமிஷம் ஓடும், நின்றுவிடும். அரை மணி கழித்து மறுபடி ஓடும், மறுபடி நின்றுவிடும். டீச்சர் ஒரு நோட்டில் நேரம் எல்லாம் எழுதி வைத்திருந்தார். கையுறை போட்ட கையெழுத்து, கோழி கிளறியது போல இருந்தது.

மூன்று வாரம் நானும் அண்ணியும் அந்த வீட்டுக்கு நடையாய் நடந்தோம். முதலில் காற்று வரும் வழியைச் சுத்தம் செய்தோம். பிறகு கண்ட்ரோல் போர்டை மாற்றினோம். பிறகு கேஸ் அளவு பார்த்தோம், அதுவும் சரியாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அண்ணி பராமரிப்புத் தாளை எடுத்து விரலால் வரிவரியாகப் பார்ப்பார். "தண்ணி வடிகட்டி, சுத்தம் பண்ணியாச்சு, டிக் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். டிக் என்னுடையது.

மூன்றாவது வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் படிக்கட்டிலேயே வழிமறித்தார். "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள டீச்சர் வீடு சூடாகலைன்னா இதையெல்லாம் கழட்டிட்டு பாய்லர் வைக்கப்போறோம். வேற கம்பெனிகிட்ட பேசியாச்சு. மத்த மூணு கட்டடத்துக்காரங்களும் நாங்க என்ன பண்றோம்னுதான் பாத்துட்டிருக்காங்க."

"நாலு வருஷமா மத்த முப்பத்தஞ்சு வீடும் சூடாத்தானே சார் இருக்கு? அதுக்கு எப்பவாவது கூட்டம் போட்டீங்களா?" என்று நான் ஆரம்பித்தேன். அண்ணி என் காலை ஓங்கி மிதித்தார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

நான்கு கட்டடங்களும் போய்விட்டால் அண்ணிக்கு வேறு வேலை கிடைக்காது என்பதில்லை. கிடைக்கும். ஆனால் "அந்தம்மா வச்ச மெஷின்தானே, கழட்டி எறிஞ்சுட்டாங்க" என்ற பேச்சு முதலில் போய் நிற்கும், அவர் அப்புறம்தான் போய்ச் சேருவார்.

சனிக்கிழமை மதியம் கடைசி முயற்சியாகப் போனோம். அண்ணி மீட்டர் எதையும் எடுக்கவில்லை. ஏணியில் ஏறி, பொய்க்கூரைக்குள் இருக்கும் மெஷினுக்குத் தண்ணீர் போகும் குழாயில் ஒரு கையும் வெளியே வரும் குழாயில் ஒரு கையும் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் அசையவில்லை. கூரைக்குள் பாதி உடம்பும் ஏணியில் பாதி உடம்பும். தலைமுடியில் ஒட்டடை. இதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். என்னைக் கேட்டால் அந்தக் கைக்கு எந்த மீட்டரும் ஈடில்லை.

"போறப்போ இருக்கற சூட்டுக்கும் வர்றப்போ இருக்கறதுக்கும் ரொம்ப வித்தியாசம்" என்றார் மேலிருந்தே. "தண்ணி மெதுவா போகுது. கொஞ்சூண்டு தண்ணிகிட்டேருந்து மெஷின் எல்லாச் சூட்டையும் உறிஞ்சிடுது. இன்னும் உறிஞ்சினா உறைஞ்சுடும்னு பயந்து தானா நின்னுடுது. பக்கத்து வீட்டுல தண்ணி நல்லா வருது. அப்போ அடைப்பு இந்த வீட்டு வடிகட்டியிலதான்."

"அதை நான் வருஷா வருஷம் சுத்தம் பண்ணிட்டுத்தானே இருக்கேன்?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னைச் சந்தேகப்படறீங்களா அண்ணி?"

அவர் பதில் சொல்லாமல் டார்ச்சை வடிகட்டியின் மூடி மேல் அடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். மெஷின் வைத்த அன்று, மூடிக்கும் குழாய்க்கும் சேர்த்து அண்ணி ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு போடுவார். மூடியைத் திறந்தால் கோடு உடைந்துவிடும். இந்தக் கோடு நேற்றுப் போட்டது போல முழுசாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

புதுக் குழாய்களில் முதன்முதலாகத் தண்ணீர் ஓட்டும்போது, வெல்டிங் தூள், இரும்புத் துருவல் எல்லாம் மெஷினுக்குள் போய்விடாமல் இருக்க வடிகட்டிக்குள் ஒரு மெல்லிய வலை வைப்போம். இரண்டு வாரம் கழித்து அதை எடுத்துவிட வேண்டும். இந்தக் கட்டடத்தில் முப்பத்தாறு வீடு, முப்பத்தாறு வலை. அந்த வேலையை அண்ணி என்னிடம் கொடுத்திருந்தார். காலையிலிருந்து முப்பத்தைந்து எடுத்துவிட்டேன். கடைசியாக டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி இரண்டரை, பசி உயிர் போனது. டீச்சர் கதவை ஒரு சாண் திறந்து, "பரீட்சை நடக்குது, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று சாத்திவிட்டார். வந்ததே எனக்கு ஆத்திரம். இவங்க வீட்டு வாசலில் நான் காத்துக் கிடக்கணுமா என்று முணுமுணுத்துக்கொண்டே முப்பத்தாறாவது கட்டத்திலும் டிக் அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அப்புறம் மறந்தே போனேன். வருஷா வருஷம் வந்து, மூடியைத் தொடாமல் வடிகுழாயை மட்டும் திறந்து ஒரு வாளி தண்ணீர் விட்டுவிட்டு மறுபடி டிக்.

அண்ணி மூடியைத் திறந்தார். கறுப்புச் சேறு அப்பிய வலை வெளியே வந்தது. கோடையில் கீழ்த்தள பம்பை மாற்றும்போது தண்ணீரை வடித்து நிரப்பியிருந்தோம். அப்போது குழாய்களில் கிளம்பிய துரு மற்ற வீடுகளில் வடிகட்டியின் பெரிய ஓட்டைச் சல்லடையோடு நின்றது, வடிகுழாயைத் திறந்ததும் போய்விட்டது. இங்கே வலையை மூச்சுவிடாமல் அடைத்துவிட்டது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தத் துணியைக் கொடுங்க" என்றார், அவ்வளவுதான்.

மெஷினை ஓடவிட்டோம். டீச்சர் கடிகாரத்துக்கு எதிரில் நின்றுகொண்டார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. இருபதாவது நிமிஷத்தில் டீச்சர் கையுறையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அண்ணி ஏணியின் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேனில் ஏறியதும் சொன்னேன்: "அந்த வலையைக் குப்பையில போட்டுடலாம் அண்ணி. துரு அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டோம்னு சொல்லுவோம். அது பொய்யும் இல்லையே."

அவர் வேனைக் கிளப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தரைத்தளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் வீடு சூடாகிவிட்டது என்ற செய்தி ஏற்கெனவே எல்லா மாடிக்கும் போயிருந்தது. செயலாளர் முகத்திலும் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. "என்ன கோளாறுன்னு ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க, முடிச்சுக்கலாம்" என்றார். துரு என்று சொன்னால் போதும், கூட்டம் கலைந்துவிடும்.

அண்ணி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, அந்த வலையை எல்லோர் கண்ணுக்கும் தெரிய மேஜை மேல் வைத்தார்.

"மெஷின்ல குறை இல்ல. முதல் ரெண்டு வாரத்துக்கு வைக்கற வலை இது. எடுத்திருக்கணும், எடுக்காம விட்டுட்டோம். நாலு வருஷமா உள்ளயே இருந்திருக்கு. நான் திறந்து பாத்திருக்கணும், பாக்கல. தப்பு என் மேலதான். டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

செயலாளரின் சிரிப்பு போய்விட்டது. "உங்க தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் உங்களையே எதுக்கும்மா வச்சுக்கணும்?"

அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். முதலாளிகளோடு முட்டிக்கொண்டபோதெல்லாம் சட்டென்று எழுந்து நின்ற என் கால், அன்றைக்கு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்.

"அவங்க தப்பு இல்ல சார். எடுக்க வேண்டியது நான். பசியில, கோவத்துல, எடுக்காமலே டிக் போட்டுட்டுப் போனவன் நான். இவங்க என் டிக்கை நம்பினாங்க. அதுதான் இவங்க பண்ணின ஒரே தப்பு."

டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "பரீட்சை அன்னைக்கு வந்தது நீங்களா? அப்புறம் வாங்கன்னு நான்தானே சொன்னேன். நாலு நாள் எதிர்பாத்தேன். நீங்க வரவே இல்ல." வெட்கம் பிடுங்கித் தின்றது. எதிர்பார்த்துக்கொண்டிருந்தவரைத்தான் நான்கு வருஷமாகத் திமிர் பிடித்தவர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

"மூணு வாரம் குளிர்ல உக்காந்தது நான்" என்றார் டீச்சர், செயலாளரைப் பார்த்து. "நான் சொல்றேன், இந்தம்மாவே இருக்கட்டும்."

செயலாளர் யோசித்தார். "சரி. ஆனா ஒண்ணு, இனிமே இவர் இந்தக் கட்டடத்துல எதையும் தொடக்கூடாது."

நான் தலையாட்டினேன். அதற்குள் அண்ணி சொல்லிவிட்டார்: "அப்படின்னா எங்களுக்கு இந்த வேலை வேண்டாம் சார். நாப்பது பேர் முன்னாடி எழுந்து நின்னு ஒத்துக்கிட்டவர் இனிமே மூடியைத் திறக்காம டிக் போடுவாரா? இவரைவிட நம்பிக்கையான ஆளுக்கு நான் எங்க போவேன்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். யார் முதலில் ஆதரவாகக் கை தூக்கினார்கள் என்று பார்க்கக்கூட முடியவில்லை. செயலாளர் "சரிம்மா, அப்படியே ஆகட்டும்" என்றதுதான் காதில் விழுந்தது.

வெளியே வந்து வேன் பக்கத்தில் நின்றதும்தான் அண்ணிக்கு அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

"மூணு வாரம் எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா? எல்லாத்தையும் பாத்துட்டேன், எல்லாமே சரியாத்தான் இருந்துச்சு. அப்போ எனக்குத்தான் வேலை தெரியலன்னு நினைச்சேன். இந்தத் தொழிலே வேண்டாம், விட்டுடறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அன்னைக்கு 'ஒண்ணு எடுக்கல அண்ணி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே போய் எடுத்துட்டு வந்திருப்பேனே."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எந்த மீட்டரும் ஈடில்லாத அந்தக் கை தன்னையே சந்தேகப்படும்படி செய்தது என் டிக்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மத்த மூணு கட்டடத்துல எத்தனை வலை இந்த மாதிரி உள்ள இருக்கு?"

'எல்லாத்தையும் எடுத்தாச்சு' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

"தெரியல அண்ணி."

மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவர் முகம் இளகியது.

"கட்டடத்துக்கு முப்பத்தாறு, மொத்தம் நூத்தியெட்டு மூடி" என்றார். "இன்னைக்கே ஆரம்பிப்போம். நீங்க திறங்க, நான் பக்கத்துல நிக்கறேன்."