ஜேபஸ் வில்லெட்ஸின் கோடு

1851இல் ஜேபஸ் வில்லெட்ஸ் தன் முதல் குத்துச்சண்டையை ஜெயித்துவிட்டு இங்கிலாந்தில் எங்கள் ஊரான கிராட்லிக்கு நடந்து திரும்பியபோது, களத்தின் நடுவில் கீறியிருந்த கோடு ஆறு மைல் அவர் பின்னாலேயே வந்தது. தப்பு எங்கள் ஊர்க்காரர்களுடையது. வெறுங்கைச் சண்டையில் எவன் விழுந்தாலும் அந்தச் சுற்று முடிந்தது. இருவருக்கும் முப்பது வினாடி ஓய்வு. பிறகு எட்டு வினாடிக்குள் தானாக வந்து கோட்டில் கால்விரலை வைக்க வேண்டும். வைக்காதவன் தோற்றான். சண்டை முடிந்ததும் கோட்டை அழித்துவிடுவார்கள். அன்று சட்டவிரோதச் சண்டை என்று போலீஸ் வந்துவிட்டதால் எல்லாரும் ஓடினார்கள், அழிக்க ஆளில்லை. அதைக் கீறியிருந்தது ஜேபஸின் மனைவி கெசையா தன் வீட்டுக் கொல்லுலையில் அடித்த ஆணி.

கோடு உலையருகே படுத்துக்கொண்டது. கெசையா அதைச் சுற்றிப் பெருக்கினாள். மழை நாளில், "உள்ள வந்து தொலை, சேத்தக் கொண்டாராத" என்பாள். ஒவ்வொரு சண்டைக்கும் அது கூடவே போய்க் களத்தின் நடுவில் அசையாமல் கிடந்தது. யார் பக்கமும் சாயவில்லை. நடுவர்களுக்கு வேலை மிச்சம். பத்து வருடத்தில் ஜேபஸ் பதினேழு பேரை வீழ்த்தினார், மூக்கு மூன்று முறை உடைந்தது, இங்கிலாந்தின் சாம்பியன் ஆனார். பட்டத்தை மூன்று முறை காப்பாற்றினால் சாம்பியன் பெல்ட் அவருக்கே சொந்தம். மூன்றாவது முறை வந்தபோது அவருக்கு நாற்பத்துநான்கு வயது. எதிராளி லண்டன்காரன் நெட் கார்லிங்குக்கு இருபத்துமூன்று.

"கெழவா, வீட்டுக்குப் போய் ஆணி அடி!" என்று லண்டன் கூட்டம் கத்தியது.

"ஆணிய நான் அடிச்சிக்கறேன். அவரு ஒங்க ஆள அடிக்கட்டும்!" என்றாள் கெசையா.

அறுபத்தோராவது சுற்றில் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். நெட்டின் கண்கள் வீங்கி மூடியிருந்தன. நேரம் என்று நடுவர் கூவியதும் ஜேபஸ் எழுந்து நின்றார், கால் நகரவில்லை. அப்போது கோடு எழுந்து, புல்லைக் கடந்து, அவர் கால்விரலுக்கு அடியில் வந்து படுத்தது. நெட் நடுக்களத்துக்கு வந்து காலால் துழாவினான்.

"கோட்ட எங்கடா வச்சீங்க?"

"அந்தாளு மூலையில இருக்குடா! திரும்புடா!" என்று அவன் ஆட்கள் கத்தினார்கள்.

திரும்புவதற்குள் எட்டு வினாடி முடிந்தது. லண்டன்காரர்கள் கூச்சல் போட்டார்கள். நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கோடு வரக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதே கோடுதானா என்று மட்டும் கெசையாவின் ஆணியை வைத்துப் பார்த்தார். பொருந்தியது. பெல்ட்டைக் கொடுத்தார்.

ஜேபஸை நான்கு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். இந்த முறை கோடு பின்னால் வரவில்லை, முன்னால் போனது. கெசையா கதவைத் திறந்து முதலில் அதை உள்ளே விட்டாள்.