பூசைக்கு வைத்த கண்ணாடி

ஆயுத பூசையன்று காலையில் பச்சியப்பன் வீட்டில் சும்மா இருந்த கை ஒன்றுகூட இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள்மணை, மோட்டார் கழற்றுகிற ஸ்பேனர்கள் என்று இரும்பென்று பேர் சொல்லக்கூடிய எல்லாமே கழுவி வெயிலில் காய்ந்தன. பச்சியப்பன் தன் மோட்டார் சைக்கிளைப் புளியமரத்தடியில் நிறுத்தி, பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பூசையில் அவருக்கு ஒரு கண்டிப்பு உண்டு. சாமிக்கு முன் வைத்ததை மறுநாள் மறுபூசை ஆகும்வரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அந்த வருஷம் முழுக்க அது சொன்ன பேச்சுக் கேட்காது. போன வருஷம் கிணற்று மோட்டார் இரண்டு தடவை புகைந்ததற்கு மின்சாரத்தைக் குறை சொல்ல அவர் ஒப்பவே மாட்டார். பூசையன்று தன் மச்சான் ஸ்பேனரை எடுத்ததுதான் காரணம் என்று பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். மச்சான் அந்தக் கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அவருடைய மகள் யுவராணி முந்தின நாள்தான் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். அங்கே விமானங்களைப் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. ஊரில் எல்லோரும் அவள் இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறாள் என்றே நினைத்திருந்தார்கள். அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். உண்மையில் அவள் வேலை விமானத்தின் உடம்போடு. மெல்லிய அலுமினியத் தகடு வெளித்தோல். அதற்குள் வளையம் வளையமாகச் சட்டங்கள். வளையங்களை நீளவாக்கில் கட்டிப் பிடிக்கும் பட்டைகள். பயணிகள் நடக்கிற தரையைத் தாங்கும் குறுக்கு விட்டங்கள். இவற்றில் எங்கே விரிசல், எங்கே அரிப்பு என்று தேடி, சுரண்டி, பூச்சுப் பூசி, தேவைப்பட்டால் ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது அவள் பாடு.

தை மாதம் அவளுக்கு முத்திரை வருவதாக இருந்தது. முத்திரை கையில் இருந்தால் பார்த்த வேலைக்குத் தானே பொறுப்பேற்றுக் குத்திவிடலாம். அதுவரை இன்னொருவர் வந்து பார்த்துத்தான் குத்த வேண்டும். அவளோடு சேர்ந்த பையன்கள் எல்லாரும் வாங்கிவிட்டார்கள். அவள் தேர்வு எழுதித் தேறி, கடைசிப் படியில் நின்றிருந்தாள்.

பதினோரு மணி வாக்கில் சவுரியப்பன் போன் செய்தார். அவளுக்கு மேலே இருக்கும் மூத்த மெக்கானிக், அவள் வேலைக்கு முத்திரை குத்துகிறவர். தருமபுரிக்காரர் என்பதால் கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்தே அவளை நம்மூருப் புள்ள என்றுதான் சொல்லுவார்.

கருவிப் பெட்டியில் கண்ணாடி இல்லை என்றார் அவர். கம்பி நுனியில் செருகிய சின்ன வட்டக் கண்ணாடி அது, தலை நுழையாத இடத்தை எட்டிப் பார்ப்பதற்கானது. கூடத்தில் ஒவ்வொரு கருவிக்கும் பெட்டிக்குள் அதனதன் வடிவிலேயே பள்ளம் வெட்டியிருக்கும். ஒரு பள்ளம் காலியாகக் கிடந்தால் விமானம் இடத்தைவிட்டு அசையாது. விமானத்துக்குள் எங்கேயாவது விழுந்து கிடந்தால் என்ன செய்வது? தரைக்கு அடியில் வால் இறக்கையை ஏற்றி இறக்கும் கம்பி வடங்கள் ஓடுகின்றன. சின்னக் கண்ணாடிதான், ஆனால் வடம் சுற்றும் கப்பியில் போய்ச் சிக்கினால் மேலே ஓட்டுகிறவர் கைக்கு விமானம் அடங்காது. அதனால் காலையிலிருந்து இருக்கைகளைக் கழற்றித் தரைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டிருக்கிறார்களாம். சாயங்காலம் கிளம்ப வேண்டிய விமானம்.

யுவராணி யோசிக்கவே இல்லை. "வெச்சுட்டேங்கண்ணே. பள்ளத்துல அமுக்கி வெச்சது நல்லா ஞாபகம் இருக்குதுங்க" என்றாள். அவளுக்கு உண்மையாகவே ஞாபகம் இருந்தது. கண்ணாடி பள்ளத்தில் உட்காரும்போது வரும் சின்னச் சத்தம்கூடக் காதில் இருந்தது. சவுரியப்பன் பெருமூச்சு விட்டு, சரிம்மா, தேடறோம் என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் பூசை. சாமி படத்துக்கு முன்னால் கருவிகள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு பூ. பொரிகடலைத் தட்டை வைக்கக் குனிந்த யுவராணி அப்படியே நின்றுவிட்டாள். களைவெட்டிக்கும் கதிர் அரிவாளுக்கும் நடுவில், நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணாடி இருந்தது.

அவள் அம்மா தீர்த்தம்மாளின் முகத்தில் பெருமை தாங்கவில்லை. வேலை உடுப்பைத் துவைக்க எடுத்தபோது முழங்கால் பையில் இருந்ததாம். எல்லார் ஆயுதமும் சாமி முன்னால் இருக்கும்போது சம்பாதிக்கிற மகளுடைய ஆயுதம் இல்லாமல் போகலாமா? சொன்னால் வேண்டாம் என்பாள் என்று சொல்லாமலே வைத்துவிட்டாளாம்.

யுவராணி சுவரோரம் உட்கார்ந்து, விஷயத்தை இரண்டு பேருக்கும் சொன்னாள். ஒரு விமானம் நிற்கிறது, ஆட்கள் அதைக் குடைகிறார்கள், தேடுகிற சாமான் நம் வீட்டுப் பூசையில் இருக்கிறது. சொன்னால் தை மாதம் முத்திரை கிடைக்காது. தீர்த்தம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பச்சியப்பன் அழுகிற ஆள் இல்லை, கணக்குப் போடுகிற ஆள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக ஒரு வழி சொன்னார்.

"கண்ணாடி இங்க இருக்குது. அப்பறம் பிளேனுக்கு என்ன ஆபத்து? தேடுவாங்க, கெடைக்காது, உட்ருவாங்க. நாளைக்கு மறுபூச முடியட்டும், கெணத்துல போட்டுட்டு கம்முனு இரு பாப்பா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனைதான். ஆனால் அதில் குற்றம் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. கண்ணாடி விமானத்துக்குள் இல்லை என்பது உறுதி. யாருக்கும் ஆபத்தில்லை. யுவராணிக்குக் கொஞ்ச நேரம் அந்தக் கிணறு மிகவும் பிடித்திருந்தது. அப்படிப் பிடித்ததற்காக அவள் வெட்கப்படவும் இல்லை. பல வருஷம் காத்திருந்த எவளுக்கும் பிடிக்கும்.

அவளை உறுத்தியது வேறொன்று. அந்தப் பள்ளமும் சத்தமும் நினைவில் அவ்வளவு துல்லியமாக இருக்கின்றனவே, அவை எங்கிருந்து வந்தன? நடக்காத ஒன்றைத் தன் புத்தி இவ்வளவு அழகாகச் செய்து வைத்திருக்கிறது என்றால், அதே நாள் செய்ததாக நினைக்கிற மற்றவற்றை என்னவென்று நம்புவது?

அவள் நேற்றைய வேலையை மனசுக்குள் முதலிலிருந்து நடத்திப் பார்த்தாள். விமானத்தின் பின்பக்கக் கழிவறைக்கு அடியில் ஒரு குறுக்கு விட்டம். கழிவறைத் தண்ணீர் கசிந்து இறங்கி விட்டங்களை அரிக்கும். புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் ராத்திரி முழுக்க வைத்தால் சட்டி வெளுத்துக் குழி விழும் அல்லவா, அதே கதைதான். அவள் வெள்ளைப் பொடியைச் சுரண்டி, துடைத்து, அரிப்பைத் தடுக்கும் பூச்சையும் தூரிகையையும் கையில் எடுத்தாள். முன்பக்கத்தைக் கண்ணால் பார்த்தே பூசலாம். அதற்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் கண்ணாடியை முழங்கால் பையில் போட்டாள். விட்டத்தின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பூச வேண்டுமானால் இடது கையில் கண்ணாடியைப் பிடித்தாக வேண்டும்.

கண்ணாடி பையிலேயே இருந்திருக்கிறது.

முன்பக்கம் பூசி முடித்தபோதுதான் ஓசூர்ப் பக்கம் போகிற வேன் கிளம்புகிறது, வருகிறவர்கள் வாருங்கள் என்று கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பண்டிகைக் கூட்டத்தில் அதை விட்டால் வேறு வண்டி இல்லை. அவள் உடுப்பைக்கூட மாற்றவில்லை. சவுரியப்பன் எல்லாம் முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது என்றாள். கருவிகளை வைத்துவிட்டாயா என்றார். வைத்துவிட்டேன் என்றாள். அவர் எட்டிப் பார்க்காமல் பலகையை மூடி, பெட்டியையும் மூடி, முத்திரையைக் குத்தினார். நம்மூருப் புள்ள சொல்லிவிட்டது, அவருக்கு அது போதும்.

பின்பக்கத்தைப் பூசியதாகவும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகம் முந்தினதைவிடத் தெளிவாகக்கூட இருந்தது.

அடியில் தேடுகிறார்களே, பார்த்துவிட மாட்டார்களா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். மாட்டார்கள். தேடுகிறவர்கள் விழுந்த சாமானைத் தேடுவார்கள், முத்திரை குத்திய விட்டத்தின் முதுகை ஏன் பார்க்கப் போகிறார்கள்? இது கண்ணாடி விஷயம் மாதிரியும் இல்லை. இதைச் சொன்னால் பார்க்காமல் முத்திரை குத்திய சவுரியப்பனும் சேர்ந்து மாட்டுவார். கண்ணாடியை மட்டும் சொன்னால் தன் தலையோடு போகும். அவள் இதையும் அப்பாவிடம் சொன்னாள். பச்சியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விட்டம் இற்றுப்போனால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். இன்றைக்கே ஒன்றும் ஆகாது என்றாள் அவள். மெதுவாக அரிக்கும், அடுத்த பெரிய சோதனை வரைக்கும் யார் கண்ணுக்கும் படாது, அதற்குள் எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு எழுந்து போய்ப் பூசையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். பச்சியப்பன் விலகி வழிவிட்டார். முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தபோது கம்பியில் பொறித்திருந்த எண் தெரிந்தது. படம் பிடித்து சவுரியப்பனுக்கு அனுப்பிவிட்டு, போன் செய்தாள்.

அவர் எடுத்ததுமே சிரித்துவிட்டார். கிடைத்ததே போதும், இப்போதே தேடுவதை நிறுத்தச் சொல்கிறேன், சூப்பர்வைசர் கத்துவார், கத்திவிட்டுப் போகட்டும் என்றார்.

"அண்ணே, வெச்சுடாதீங்க. அந்த விட்டத்தோட பின்பக்கம் நான் பூசலைன்னு நெனைக்கறேங்க. கண்ணாடி வெச்சுப் பாக்கச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு துளைப்பான் ஓடி நின்றது. அவர் அவளைத் திட்டியிருக்கலாம். யாருக்கும் தெரியாமல் தானே ஒரு தூரிகையோடு போய்ப் பூசிவிட்டுப் பலகையை மூடியிருக்கலாம், அதற்கு வேண்டிய கையும் சாமர்த்தியமும் அவருக்கு உண்டு. அவர் இரண்டும் செய்யவில்லை. "சூப்பர்வைசரக் கூட்டிட்டுப் போயே பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அடுத்த போன் வரும்வரை யுவராணி பொரிகடலையைத் தொடவில்லை. தீர்த்தம்மாள் காலியான இடத்தில், களைவெட்டிக்கும் அரிவாளுக்கும் நடுவில், ஒரு பூவை மட்டும் வைத்திருந்தாள்.

வெயில் தாழ்ந்தபோது போன் வந்தது. பின்பக்கம் வெறும் உலோகமாக இருந்ததாம். சுரண்டிய இடத்தில் ஈரமும் இருந்ததாம். விமானம் இன்று போகாது. விசாரணை முடிகிறவரை இரண்டு பேரும் விமானத்தில் கை வைக்கக் கூடாது. அவளுடைய முத்திரை தை மாதம் கிடையாது, எப்போது என்றும் சொல்ல மாட்டார்கள். அவருடையதை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். எல்லாவற்றையும் அடுத்தவர் வீட்டுச் செய்தி மாதிரி சொன்னார் சவுரியப்பன். கண்ணாடியோடு ராத்திரிக்குள் வந்து சேரச் சொன்னார்.

யுவராணி மன்னிப்புக் கேட்டாள்.

"நீ சொன்னது நல்லதுதாம்மா. நம்மூருப் புள்ள சொன்னாப் போதும்னு இருந்தேன் பாரு, அது என் தப்பு. இனிமே நீ சொன்னாலும் எட்டிப் பாத்துட்டுத்தான் மூடுவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். முத்திரை போனதற்கு வராத அழுகை அதற்கு வந்தது.

தருமபுரிக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஊரிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் நடந்தால் பஸ் போய்விடும். ஊரில் எல்லார் வண்டியும் சந்தனப் பொட்டோடு நின்றன, யாரிடம் போய்க் கேட்பது? அவள் பையை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பியபோது பின்னால் சத்தம் கேட்டது. பச்சியப்பன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார். ஹாண்டிலில் சாமந்தி மாலை ஆடியது. சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கியது.

"வருஷம் முழுக்க சொன்னபடி கேக்காதுப்பா" என்றாள் யுவராணி.

"போன வருஷம் மட்டும் கேட்டுச்சாக்கும். ஏறு" என்றார் அவர்.

வழியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஆட்கள் மாலையோடு ஓடுகிற வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். அப்பாவின் மச்சானும் இதைப் பார்க்க அங்கே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

பஸ் புறப்படத் தயாராக நின்றது. படியில் கால் வைத்தவளிடம் பச்சியப்பன் கேட்டார்.

"கண்ணாடிய எடுத்து வெச்சுட்டயா?"

வெச்சுட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பையில் வைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது. சொல்லாமல் காலைக் கீழே எடுத்து, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து பார்த்தாள். கண்டக்டர் சலித்துக்கொண்டு விசிலை வாயில் வைத்தார். துணிக்கு நடுவில் கண்ணாடி இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருக்குதுப்பா" என்றாள்.