வேறொரு பிரதருக்காக

போன வருடம் குணாளன் அண்ணனுக்கு வேலை போனபோது, சபையில் எழுந்து நின்று பெரிய மனுஷன் மாதிரிப் பேசியவன் நான்தான். "முழங்கால்ல நிக்கிறவன கர்த்தர் சும்மா உக்கார வைக்கமாட்டார்லா" என்றேன். நாலு பேர் ஆமென் சொன்னார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அப்போது என்ன ஒரு திமிர்!

இந்த வருடம் என் முறை வந்தது. பாயான் பாருவில் பதினெட்டு வருடம் வேலை பார்த்த ஃபேக்டரி என் பிரிவையே மூடிவிட்டது. மனைவி பிரமிளாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடற்கரையோரம் காடியை நிறுத்தி, ஸ்டீயரிங் முன்னாலேயே உட்கார்ந்து அவள் கட்டிக்கொடுத்த சோற்றைத் தின்றேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

ஜெபம் கேட்காமலும் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை மாலை அண்ணன் வீட்டு ஜெபக்கூட்டத்தில், "டத்தோ கிராமாட்ல ஒரு பிரதருக்கு வேலை போயிருச்சு. வீட்டுக்கு இன்னும் தெரியாது" என்று ஜெபக்குறிப்பு கொடுத்தேன். நாங்கள் குடியிருப்பதும் அங்கேதான். பேர் சொல்லாத குறிப்புக்குப் பேர் கேட்பது எங்கள் சபையில் வழக்கமில்லை. அந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஜெபத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தது என் முட்டாள்தனம். அடுத்த சனிக்கிழமை போனால், ஹாலில் ஐந்து கிலோ அரிசி, எண்ணெய், மைலோ, பிஸ்கட். பிரமிளா தன் பையிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து அவற்றின் மேல் வைத்தாள். கிறிஸ்துமஸுக்கு எனக்கு வாங்கி, நான் இன்னும் பிரிக்காத சட்டை.

"இண்டர்வியூவுக்கு அவருக்கு ஆகும். உங்களுக்குத்தான் யூனிபார்ம் இருக்கே" என்றாள்.

அண்ணன் அரிசிப் பையை ஒரே கையில் தூக்கிவந்து காடியில் வைத்தார்.

"அவரு வீடு உனக்குத்தான் தெரியும் தம்பி. குடுத்துட்டு வந்துரு. புத்தி மட்டும் சொல்லாத. சும்மா இருக்கிறப்ப அது ரொம்ப வலிக்கும்லா."

என்னைக் குத்திக்காட்ட அவர் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் குத்தியது.

பிரமிளாவும் ஏறிக்கொண்டாள். டத்தோ கிராமாட்டை இரண்டு சுற்று சுற்றினேன். "எந்த வீடுங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது சுற்றில் எங்கள் ஃபிளாட் வாசலில் நிறுத்தினேன்.

"இந்த வீடுதான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எத்தன நாளா?" என்றாள்.

"ஆறு வாரம்."

"ஆறு வாரமும் சோறு கட்டிக் குடுத்தேனே."

திட்டியிருந்தால் தேவலை. அவள் போனை எடுத்தாள். "அண்ணே, சாமான் சேர்ந்திருச்சு. அந்தப் பிரதர் உங்ககிட்ட பேசணுமாம்" என்று சொல்லி என் கையில் திணித்தாள்.

"சொல்லுங்க பிரதர்" என்றார் அண்ணன், அவ்வளவு மரியாதையாக. என் உடம்பே கூசிப்போயிற்று.

"அண்ணே, நான் சுகுமாரன். போன வருஷம் சபையில எழுந்து பேசினேனே, அதே சுகுமாரன்."



"அரிசிப் பை கனம் தம்பி. நீ தூக்காத, நான் வர்றேன்" என்றார்.

ஐந்து கிலோதான். அது அவருக்கும் தெரியும்.